ஆமைக்கு அபயம்

கொல்லாமை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் கட்டிவைத்தலும், உணவு நீரைத் தடுத்தலும் அடங்கும். ‘நாம் எவ்வுயிரையும் கொல்வதில்லை’ என்றிருப்போர் இவ்விரண்டையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நாம் அறிந்த இல்லமொன்றில், செல்வம் தருமென நம்பி நட்சத்திர ஆமையைத் தொட்டியிலிட்டுச் சோறு மட்டும் கொடுத்து வளர்த்தனர். வெயிலும் சுண்ணாம்புச் சத்துமின்றி அதன் ஓடு மேடுபள்ளமாயிற்று. இரக்கமுற்ற ஒருவர் கிணற்றில் விட முனைந்தார். நிலத்தில் வாழும் ஆமை நீரில் மூழ்கி இறக்கும் எனக் கூறித் தடுத்தோம். ஆழமற்ற வெதுவெதுப்பான நீரில் நிறுத்தினோம். தலை தாழ்த்தி நெடுநேரம் பருகியது. புல்லும் கீரையும் இட்டோம். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதனை வீட்டில் வளர்த்தல் குற்றமாதலின், அன்றே வனத்துறையிடம் ஒப்படைக்கச் செய்தோம். சிதைந்த ஓடு முற்றும் சீராகாது. இனி வளரும் பகுதியேனும் செம்மையுறும்.

முனிசுவிரத தீர்த்தங்கரரின் இலாஞ்சனம் ஆமை. அவரை வணங்கும் நாம், அறிவோடு கூடிய இரக்கமே அபயதானம் என உணர்வோமாக.