இருமல்தானே என்று இருக்கலாமா?

"சும்மா இருமல்தானே, கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சா போயிடும்" என்று நாம் நாளைக் கடத்துகிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கும் இருமல் காசநோயாக இருக்கலாம். அது காற்றில் பரவும்; ஒரே காம்பராவில் படுக்கும் பிள்ளைகளையும் பிடிக்கும்.

நெஞ்சு டாக்டரை எங்கே தேடுவது? தோட்டத்து டிஸ்பென்சரியில் சொல்லி துண்டு வாங்குவோம். ஒவ்வொரு மாவட்டத்திலும் அரசாங்க மார்பு நோய் சிகிச்சை நிலையம், அதாவது செஸ்ட் கிளினிக், இருக்கிறது. துண்டு இல்லாமலும் போகலாம். சளிப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். காசநோய் என்றால் குறைந்தது 6 மாதம் மருந்து. சுகமாயிட்டுது என்று இடையில் நிறுத்தக்கூடாது.

மூச்சு வாங்கி, பேச முடியாமல், உதடு நீலமானால் கிளினிக் நாள் பார்க்க வேண்டாம். உடனே 1990க்கு அடிப்போம். அந்த அம்புலன்சுக்கும் காசில்லை.

ஒரு பேர் போனாலும் போகட்டும். உயிர் இருந்தால்தானே நாளைக்குப் பேர் விழும்!