படைவீரர் இயலாமை மதிப்பீடு: தாமதத்தைக் குறைக்கும் மருத்துவப் பதிவுகள்

இந்திய இராணுவப் பணியில் காயமோ நோயோ அடைந்த வீரருக்கு இயலாமை ஓய்வூதியம் வழங்குவதற்கு, இராணுவ மருத்துவ வாரியத்தின் அறிக்கையே அடிப்படையாகும். வாரியம் இரண்டு வினாக்களை ஆராய்கிறது. இயலாமை எத்தனை விழுக்காடு? அது பணியால் நேர்ந்ததா, அல்லது பணியால் முற்றியதா? பொதுவாகக் குறைந்தது 20 விழுக்காடு இயலாமை இருத்தல் வேண்டும்.

முதல் வினாவுக்கு இன்றைய பரிசோதனை விடை தரும். இரண்டாம் வினாவுக்குப் பழைய பதிவுகளே சான்று. அவை தெளிவாக இல்லாவிடில், கோப்பு மேல்முறையீடு, தீர்ப்பாயம் என ஆண்டுக்கணக்கில் நீளும். அதுவரை சுமை குடும்பத்தின் மேல் விழும்.

விடுப்பில் வரும் வீரர்கள் வெளி மருத்துவமனையில் சிகிச்சை பெறும்போது, குடும்பத்தினர் கவனிக்குமாறு நாங்கள் வேண்டுவன:

1. அறிகுறி தொடங்கிய நாள், விபத்து நடந்த விதம் ஆகியவற்றை முதல் வருகையிலேயே மருத்துவரிடம் கூறிப் பதியச் செய்யுங்கள். பிற்காலத்தில் நினைவிலிருந்து எழுதப்படும் சான்றிதழுக்கு அத்தகைய மதிப்பு இராது.

2. படைப்பிரிவுக்கு உடனே எழுத்து மூலம் தெரிவியுங்கள்.

3. டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, பரிசோதனை முடிவுகளின் மூலப் பிரதிகளைப் பாதுகாத்து, நகல்களை மட்டும் அளியுங்கள்.

4. கோரிக்கை மறுக்கப்பட்டால், 6 மாதங்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் வழிகாட்டுதல் பெறலாம்.

உடல் தேறினால் விழுக்காடு குறையும் என்றஞ்சி, மருந்தையும் இயன்முறைப் பயிற்சியையும் ஒத்திப்போட வேண்டாம். நிலுவைத்தொகை பின்னாளிலும் வரக்கூடும். தவறவிட்ட சிகிச்சைக் காலம் மீண்டும் வாராது.