பொத்தான் மின்கலமும் குழந்தையின் பாதுகாப்பும்

மைசூர் மானசகங்கோத்ரியில் அமைந்துள்ள அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனத்திற்கு, செவித்திறன் குறைந்த குழந்தைகளுடன் பெற்றோர் பல மாநிலங்களிலிருந்தும் வருகின்றனர். மாற்றுத் திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் வழங்க மத்திய அரசு 1981-ஆம் ஆண்டு முதல் செயற்படுத்திவரும் திட்டத்தின் கீழ், தகுதியுள்ளோருக்குச் செவித்துணைக் கருவிகளும் அளிக்கப்படுகின்றன. ஊமையாக வளர்ந்திருக்கக்கூடிய குழந்தையைப் பேசவைக்கும் இக்கருவி, பெரும்பாலும் ஒரு சிறு பொத்தான் மின்கலத்தைக் கொண்டே இயங்குகிறது. கடைகளில் 'பட்டன் செல்' எனப்படும் இம்மின்கலம், நன்மை செய்யும் வீட்டிற்குள்ளேயே ஓர் ஆபத்தையும் கொண்டு வருகிறது. அதைக் குழந்தை விழுங்கிவிடக்கூடும். மூக்கிலோ காதிலோ திணித்துக்கொள்ளவும் கூடும்.

தீங்கு நேரும் முறை

மின்கலத்திலிருந்து இரசாயனம் கசிவதால்தான் கேடு விளைகிறது என்பது பொதுவான எண்ணம். உண்மையில், கசிவு ஏதும் இன்றியே பெருங்கேடு நேரும். உணவுக்குழாயில் சிக்கிய மின்கலத்தின் இரு முனைகளையும் ஈரமான திசு இணைக்கின்றது. அதன் வழியே மின்னோட்டம் பாய்கின்றது. எதிர்முனையில் நீர் சிதைந்து கடுங்காரம் உருவாகிறது. அக்காரம் திசுவைக் கரைத்துப் புண்ணாக்குகிறது. இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே கடுமையான காயம் ஏற்பட்டுவிடலாம். மூச்சுக்குழாய் வரையோ பெருந்தமனி வரையோ துளை விழுமாயின் உயிருக்கே ஆபத்து. மின்கலத்தை அகற்றிய பின்னரும், சில நாட்களோ வாரங்களோ கழித்து இரத்தப்போக்கு தோன்றுவதுண்டு.

மின்கலங்கள் அனைத்தும் ஒரே அளவு ஆபத்தானவை அல்ல. 'சிஆர் 2032' என்ற குறியீடுடைய லித்தியம் மின்கலம் மிகவும் கொடியது. குறியீட்டில் 20 என்பது மில்லிமீட்டரில் விட்டத்தையும், 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிமனையும் குறிக்கும். இதன் மின்னழுத்தம் 3 வோல்ட். சிறு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கி நிற்பதற்கு ஏற்ற அளவு இது. செவித்துணைக் கருவிகளில் பயன்படும் துத்தநாக–காற்று மின்கலங்கள் 6 முதல் 12 மில்லிமீட்டர் வரை விட்டமும், சுமார் 1.4 வோல்ட் அழுத்தமும் உடையவை. விழுங்கப்பட்டால் இவை பெரும்பாலும் தாமே வெளியேறிவிடும். ஆயினும் மூக்கிலோ காதிலோ தங்கினால் இவையும் திசுவை அரிக்கும். கருவியை இயக்க வலுவற்றுப்போன பழைய மின்கலமும் காயம் விளைவிக்கப் போதுமான மின்சாரத்தைத் தன்னிடம் வைத்திருக்கலாம் என்பதை மறத்தலாகாது.

இரண்டு மணி நேரமும் ஐம்பது கிலோமீட்டரும்

குழந்தை விழுங்கியதை எவரும் பாராதிருந்தால், நோயை அறிவது எளிதன்று. எச்சில் வடிதல், இருமல், உணவை மறுத்தல், வாந்தி ஆகியவை சாதாரணச் சளிக் காய்ச்சல் போலவே தோன்றும். எக்ஸ்-ரே படத்தில் மின்கலம் நாணயத்தை ஒத்திருக்கும். விளிம்பில் தெரியும் இரட்டை வளையமே அதை வேறுபடுத்திக் காட்டும். உணவுக்குழாயில் சிக்கியதை உள்நோக்கிக் கருவி கொண்டு உடனே அகற்ற வேண்டும். மைசூர் மாவட்டத்தின் ஹெக்கடதேவன்கோட்டை, நகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அதற்கும் அப்பாலுள்ள சிற்றூரிலிருந்து வரும் தாய்க்கு, அந்த இரண்டு மணி நேரம் பயணத்திலேயே கழிந்துவிடலாம். எனவே சிகிச்சையை மட்டும் நம்பியிருத்தல் போதாது. வருமுன் காத்தலே முதன்மையானது.

விழுங்கியதாக ஐயம் எழுந்தால் வாந்தி எடுக்கச் செய்யலாகாது. உடனே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். விழுங்கி 12 மணி நேரத்திற்குட்பட்டு, குழந்தை ஒரு வயதைக் கடந்ததாகவும் விழுங்கும் நிலையிலும் இருந்தால், வழியில் 10 நிமிடத்திற்கு ஒருமுறை 2 தேக்கரண்டித் தேன் வீதம் 6 முறை வரை கொடுக்கலாம். தேன் காரத்தின் வேகத்தைத் தணிக்கும். ஆனால் அது சிகிச்சைக்கு மாற்றாகாது. தேனைத் தேடிப் பயணத்தைத் தாமதப்படுத்தவும் கூடாது. மூக்கிலோ காதிலோ மின்கலம் இருந்தால் சொட்டு மருந்து விடுதல் தவறு. ஈரம் தீங்கை மிகுவிக்கும்.

சட்டத்தின் எல்லை

நம் நாட்டில் 2020-ஆம் ஆண்டின் பொம்மைகள் தரக்கட்டுப்பாட்டு ஆணை, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்படி பொம்மைகள் இந்திய தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை பெற்றிருத்தல் வேண்டும். மின்சாரப் பொம்மைகளுக்கு ஐஎஸ் 15644 என்ற தரநிலை பொருந்தும். இது நல்லதொரு முன்னேற்றம். எனினும் தொலையியக்கி, எடை பார்க்கும் கருவி, மின் மெழுகுவர்த்தி, கைக்கடிகாரம் முதலியன பொம்மைகள் அல்ல. ஆகவே அவை அந்த ஆணைக்குள் வருவதில்லை. குழந்தையோ பொம்மை எது, பிற பொருள் எது என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

ஆஸ்திரேலியா இக்குறையை உணர்ந்து, பொத்தான் மின்கலம் கொண்ட நுகர்பொருள்களுக்குக் கட்டாயத் தரநிலைகளை 2022 ஜூன் 22 முதல் நடைமுறைப்படுத்தியது. அமெரிக்காவில் 2022 ஆகஸ்டில் நிறைவேறிய 'ரீஸ் சட்டம்', மின்கல அறையைக் குழந்தை திறக்க இயலாதவாறு அமைத்தல், எச்சரிக்கை வாசகம், குழந்தை பிரிக்க முடியாத உறை ஆகியவற்றை வலியுறுத்துகிறது. மின்கலம் விழுங்கி உயிரிழந்த ஒரு பெண் குழந்தையின் பெயரையே அச்சட்டம் தாங்கியுள்ளது.

செய்ய வேண்டுவன

சிறு குழந்தைக்கு அளிக்கப்படும் செவித்துணைக் கருவி, பூட்டக்கூடிய மின்கலக் கதவு உடையதாக இருத்தல் நலம். கருவியை ஒப்படைக்கும்போதே, மின்கலத்தை மாற்றும் முறையோடு அதைப் பாதுகாக்கும் முறையையும் தாய்மொழியில் பெற்றோருக்குக் கற்பிக்க வேண்டும். வீட்டிலுள்ள முதியோரின் கருவிக்கும் இது பொருந்தும். மாத்திரை என்று எண்ணி மின்கலத்தை விழுங்கும் முதியோரும் உண்டு. அங்கன்வாடிப் பணியாளரும் வட்ட மருத்துவமனை ஊழியரும் அறிகுறிகளை அறிந்திருத்தல் அவசியம். திருகாணி இல்லாத மின்கல அறையுடைய பொருளை வாங்காதிருத்தல் நுகர்வோர் கடமை. பழைய மின்கலத்தின் இருபுறமும் ஒட்டுநாடா சுற்றி, எட்டாத இடத்தில் வைத்துச் சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும். 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பயன்படுத்திய மின்கலங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் மீது சுமத்தியுள்ளன.

ஒரு திருகாணிக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. அது பொம்மைக்கு மட்டுமன்றி, மின்கலம் உள்ள ஒவ்வொரு வீட்டுப் பொருளுக்கும் விதியாக வேண்டும். அதுவரை, பெற்றோரின் விழிப்பே குழந்தைக்குக் காவல்.