கச்சாமி என்னும் வினைச்சொல்

திரிசரணம் ஓதுங்கால் நாம் ஒன்பது முறை கூறும் வினை கச்சாமி. பொருள் யாதென வினவின், 'சரணடைகிறேன்' என்பர் பலர். கருத்து அதுவேயாயினும், நேர்ப்பொருள் 'செல்கிறேன்' என்பதாம். அடைதல் முடிவு, செல்லுதல் நடை. இவ்வேறுபாட்டை அன்பர்கள் கருதுக.

வடமொழியில் இதன் பகுதி கம். நிகழ்காலத்தில் கச்ச எனத் திரியும்: கச்சதி, செல்கிறான், கச்சஸி, செல்கிறாய், கச்சாமி, செல்கிறேன். எதிர்காலத்திலோ கம் மீண்டும் தோன்றிக் கமிஷ்யதி என வரும். பாலியிலும் கச்சாமி என்றே வழங்கும். சுகதர் என்னும் திருநாமம் நன்கு சென்றவர் எனப் பொருள்படும். கதி என்பதும் இப்பகுதியிற் பிறந்ததே. நம்மவரைக் கதியற்றவர் எனப் பிறர் ஏசக் கேட்டுளோம். செல்லிடமற்றவர் என்பதே அவ்வசை.

செல்லும் இடம் இரண்டாம் வேற்றுமை ஏற்கும். ஆதலின் புத்தம், தம்மம், சங்கம் என மகர ஈறு வந்தது. செல்லுதலைக் குறிக்கும் பகுதிகள் அறிதலையும் குறிக்கும் என உரையாசிரியர் புத்தகோஷர் விளக்குவர். எனவே 'அறிகிறேன்' எனலும் பொருந்தும்.

கச்சாமி தன்மை ஒருமை. பாலியில் பன்மை கச்சாம. 1956 அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கரோடு சரணம் சென்ற இலட்சக்கணக்கானோரும் ஒருமையிலேயே கூறினர். ஆலை வாயிலில் ஒருவர் டோக்கனை மற்றவர் போடுவதுண்டு. ஈண்டு அது செல்லாது!

சிறுவர்க்கு ஓதுவிப்போர் ஈற்றயலை நெடிலாகவே ஒலிப்பிக்க. கச்சமி என்றொரு சொல் இல்லை.