ஜன்னல் கண்ணாடியை வருஷத்துக்கு எத்தனை தடவை ஆள் வெச்சு துடைக்கணும்? அட்வான்ஸ்ல ₹11,000 போன கதை



போன வீடியோல வாடகை வீட்டைக் காலி பண்ணும்போது அட்வான்ஸ்ல என்னென்ன பிடிப்பாங்கன்னு பேசினோம். பெயின்ட், குழாய், கரண்ட் பில் பாக்கி எல்லாம் சொன்னேன். ஜன்னல் கண்ணாடியை மட்டும் வேகமா தாண்டிட்டேன். அதை இங்க நிதானமா பார்ப்போம். ஏன்னா அதுல நான் ரெண்டு தடவை காசு விட்டிருக்கேன். முதல் தடவை துடைக்காம விட்டு, அடுத்த தடவை அளவுக்கு மீறித் துடைச்சு.

முதல் வீடு மேடவாக்கம் பக்கம், ஆறாவது மாடி. பால்கனியில ரெண்டு பெரிய ஸ்லைடிங் கண்ணாடி. அதை ஒட்டி செடி வெச்சிருந்தேன். தினமும் போர் தண்ணி ஊத்துவேன், கண்ணாடியில தெறிக்கும், வெயில்ல காயும். நாலு வருஷம் இப்படியே போச்சு. காலி பண்ணும்போது கண்ணாடியோட கீழ்ப்பாதி முழுக்க சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா இருந்தது. என்ன தேய்ச்சும் போகல. ரெண்டு கண்ணாடியையும் மாத்தணும்னு சொல்லி ஹவுஸ் ஓனர் ₹11,000 பிடிச்சுட்டார்.

சண்டை போடலாம்னுதான் போனேன். சட்டத்தைப் படிச்சதும் வாயை மூடிக்கிட்டேன். தமிழ்நாட்டில் 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின் அட்டவணையில், எந்த ரிப்பேர் யார் பொறுப்புன்னு பிரிச்சிருக்காங்க. ஒப்பந்தத்தில் வேற மாதிரி எழுதலைன்னா, ஜன்னல், கதவுக் கண்ணாடி மாத்துறதும் கொசுவலை மாத்துறதும் குடியிருப்பவர் தலையில்தான் வரும். உங்க அக்ரிமென்ட்ல இது பத்தி என்ன இருக்குன்னு இன்னிக்கே எடுத்துப் பாருங்க.

அந்தச் சூட்டோட அடுத்த வீட்டுக்குப் போனதும் ஒரு க்ளீனிங் கம்பெனியோட வருஷ பேக்கேஜ் எடுத்தேன். ஒரு விசிட் ₹1,200, மாசம் ஒண்ணு, மொத்தமா கட்டினா 10% தள்ளுபடி. ₹12,960 கட்டினேன். மூணாவது மாசமே புரிஞ்சது, வர்ற ஆள் துடைக்கறதுக்கு அங்க அழுக்கே இல்லை. வெளிப்பக்கம் கை எட்டலைன்னு அதைத் தொடவும் இல்லை. உள்பக்கம் துடைக்க எனக்கு இருபது நிமிஷம் போதும். தள்ளுபடியைப் பார்த்தேன், எனக்கு எத்தனை தடவை தேவைன்னு பார்க்கல.

சரி, அப்போ எத்தனை தடவை? கண்ணாடியில எந்த அழுக்கு, அதை விட்டா என்ன செலவு வரும்னு கேளுங்க. தூசு படிஞ்சா பார்க்க நல்லா இருக்காது, அவ்வளவுதான். ஆறு மாசம் கழிச்சு துடைச்சாலும் போயிடும். உப்புக் கறை அப்படி இல்ல. போர் தண்ணியில இருக்கற கால்சியம், தண்ணி காய்ஞ்சதும் கண்ணாடி மேலேயே தங்கிடும். புதுசா இருக்கும்போது வினிகர்ல கரையும். மேல மேல படிஞ்சு வருஷக்கணக்கா ஆச்சுன்னா மெஷின் பாலிஷ் போடணும், இல்லைன்னா மாத்தணும். சிமென்ட் தண்ணி வழிஞ்ச கறை இன்னும் மோசம், அது கண்ணாடியையே அரிச்சிடும். பக்கத்துல கட்டட வேலை நடந்தா இதுல தாமதமே வேண்டாம்.

கறை எந்த நிலைமையில இருக்குன்னு தெரிஞ்சுக்க, ஒரு துணியை வினிகர்ல நனைச்சு பத்து நிமிஷம் ஒட்டி வெச்சுட்டுத் துடைங்க. மங்கினா நீங்களே சமாளிக்கலாம். அசையலைன்னா ஆளைக் கூப்பிடுங்க. ஜன்னல் திண்டு மார்பிள்னா வினிகர் சொட்டாம பாத்துக்கோங்க, மார்பிள் அரிச்சுப் போகும். டாய்லெட் கழுவுற ஆசிட் பக்கமே போகாதீங்க, அலுமினிய ஃபிரேம் கெட்டுடும்.

இன்னொரு விஷயம். நிறைய பேர் மிச்சம் பிடிக்கறதா நினைச்சு ஆர்.ஓ. மெஷின்ல இருந்து வெளியேறுற கழிவுத் தண்ணியில கண்ணாடி துடைக்கறாங்க. வடிகட்டின உப்பெல்லாம் அதுலதான் இருக்கு! அதுக்குப் பதிலா ஏசியில இருந்து சொட்டுற தண்ணியைப் பிடிச்சு வைங்க. அதுல உப்பு கிட்டத்தட்ட இருக்காது, காசும் கிடையாது.

என் கணக்கு இப்போ இதுதான். உள்பக்கமும் கை எட்டுற இடமும் நானே, மாசம் ஒரு தடவை. வெளிப்பக்கத்துக்கு ஆள், வருஷத்துக்கு ரெண்டே தடவை. முதல் விசிட் செப்டம்பர்ல, வடகிழக்கு பருவமழைக்கு முன்னாடி. அப்போ கண்ணாடியை விட முக்கியம் ஸ்லைடிங் ட்ராக். அதோட அடியில தண்ணி வெளிய போக சின்ன ஓட்டைகள் இருக்கும். மண்ணு அடைச்சிருந்தா மழைத் தண்ணி ட்ராக்ல நிரம்பி வீட்டுக்குள்ள வழியும், கீழ இருக்கற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மரக் கட்டில் எல்லாம் போச்சு. ஆளுக்குக் காத்திருக்க வேண்டாம், பழைய டூத் பிரஷ் போதும். ரெண்டாவது விசிட் ஜனவரி கடைசியில, மழைக் கறையும் போகிப் புகையும் சேர்ந்து போகும்.

தரைத்தளம், முதல் மாடின்னா ஆளே வேண்டாம். நீளமான குச்சி வெச்ச வைப்பர் ஒண்ணு வாங்கிக்கோங்க. மெயின் ரோட்டைப் பார்த்த வீடுன்னா மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவை ஆள் வைக்கலாம். திருவான்மியூர், பெசன்ட் நகர் மாதிரி கடல் காத்து அடிக்கற இடத்துல, மாசம் ஒரு தடவை நல்ல தண்ணியில ஃபிரேமையும் சேர்த்துக் கழுவிடுங்க. அங்க உப்பு முதல்ல அலுமினியத்தைத்தான் பிடிக்கும். பெரிய அபார்ட்மென்ட்னா, வெளிப்பக்கக் கண்ணாடி மெயின்டெனன்ஸ்லயே வருதான்னு அசோசியேஷன்ல கேளுங்க. வந்தா ஒரே வேலைக்கு ரெண்டு தடவை காசு கொடுக்க வேண்டாம்.

எனக்கு ஒரு விசிட் ₹1,500, ரெண்டுக்கு ₹3,000. வினிகர், துணி, வைப்பர் ₹600. வருஷம் ₹3,600, அதாவது மாசம் ₹300. அதை சம்பளம் வந்ததும் தனியா ஒரு ஆர்.டி.யில போட்டுடறேன். பழைய பேக்கேஜோட பார்த்தா ₹9,360 மிச்சம். இதை எஸ்.ஐ.பி.ல போட்டா கோடீஸ்வரன் ஆயிடுவீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். என் டெர்ம் இன்ஷூரன்ஸ் பிரீமியத்துல முக்கால்வாசி அதுலயே அடங்கிடுது.

மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரு இடம் இருக்கு. வீட்டு வேலைக்கு வர்ற அக்காகிட்ட, "அப்படியே வெளிப்பக்கமும் ஒரு இழு இழுத்துடுங்க"ன்னு சொல்லாதீங்க. அவங்க திண்டுல ஏறி நிப்பாங்க, பிடிச்சுக்க ஒண்ணும் இருக்காது. கம்பெனி ஆள் வந்தாலும், பெல்ட்டும் கயிறும் இருக்கா, ஆளுக்கு இன்ஷூரன்ஸ் இருக்கான்னு புக் பண்ணும்போதே கேளுங்க. கடைசியா எனக்கு மூணு பேர் கோட்டேஷன் கொடுத்தாங்க. குறைஞ்சது ₹900. கயிறு பத்தி கேட்டதுக்கு அவர், "அதெல்லாம் பழக்கம் சார்"னு சிரிச்சார். ₹1,500 கேட்டவரையே வரச் சொன்னேன்.

புதுசா வீடு பார்க்கப் போறவங்க, சாவி வாங்குற அன்னிக்கே ஒவ்வொரு கண்ணாடியையும் வெளிச்சம் பின்னாடி விழற மாதிரி போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க. ஏற்கெனவே கறை இருந்தா அதுல தெளிவா தெரியும். அன்னிக்கு நான் அதைச் செஞ்சிருந்தா, ₹11,000-ல எவ்வளவு என் கறை, எவ்வளவு எனக்கு முன்னாடி இருந்தவர் கறைன்னாவது பேசியிருக்கலாம்.