தொண்டை மீது போட்ட பழி

நம்பிக்கை: நியண்டர்தால் மனிதருக்குப் பேச்சு வராது, உறுமத்தான் தெரியும்.

இந்தக் கதை பெரும்பாலும் ஒரே கிழவரின் எலும்புகளிலிருந்து கிளம்பியது. 1908இல் பிரான்சின் லா ஷப்பல்-ஓ-சான் ஊரில் அவர் கிடைத்தார். ஆராய்ந்த மார்செலின் பூல், தலை முன்னே தொங்கும் கூனராக அவரைக் காட்டினார். 1957இல் ஸ்ட்ராஸ், கேவ் என்ற ஆய்வாளர்கள் அதே எலும்புகளை மறுபடி பார்த்தால், கிழவருக்குக் கடும் மூட்டுவாதம்! நோயில்லாத நியண்டர்தால் நம்மைப் போலவே நிமிர்ந்து நின்றிருப்பார் என்றார்கள். கழுத்து நிமிர்ந்தும் பழி தீரவில்லை. 1971இல் லீபர்மன், கிரெலின் என்ற ஆய்வாளர்கள் அதே மண்டையோட்டை வைத்துத் தொண்டையைக் கணித்து, ஆ, ஈ, ஊ ஒலிகள் அதில் பிறக்காது என்றார்கள்.

தொண்டை மென்சதை, மண்ணில் தங்காது. அங்கே மிஞ்சக்கூடியது நாக்கின் அடியைத் தாங்கும் நாவடி எலும்புதான். 1983இல் இஸ்ரேலின் கெபாரா குகையில், சுமார் 60,000 ஆண்டு பழைய நியண்டர்தால் உடலோடு அதுவும் கிடைத்தது. வடிவம் ஏறக்குறைய நம்முடையதே. எத்தியோப்பியாவின் டிக்கிகாவில் கிடைத்த 33 லட்சம் ஆண்டு பழைய குழந்தையின் எலும்போ வாலில்லாக் குரங்கினுடையதை ஒத்தது. அதற்காகக் கெபாரா மனிதர் பேசினார் என்று எலும்பே சாட்சி சொல்வதாக எழுதுவதும் மிகைதான்.

பேச்சுக்கு அடிப்படை என்று சொல்லப்படும் கீழிறங்கிய குரல்வளை மனிதருக்கு மட்டும் என்பதும் தவறு. செம்மான் கடா முழங்கும்போது குரல்வளையை மார்பெலும்பு வரை இழுத்துவிடும். அதனால் அது பேசிவிடவில்லையே!

அப்படியானால் குரங்கைப் பேசவிடாமல் தடுப்பது எது? 2016இல் ஃபிட்ச் என்ற ஆய்வாளரின் குழுவினர் மக்காக் குரங்கின் எக்ஸ்ரே படங்களைக் கொண்டு கணித்தபோது, அந்தத் தொண்டையில் பலவகை உயிரொலிகள் பிறக்க இடமிருந்தது. குறை மூளையின் பிடியில்.

அதற்கான தடயம் நம் மொன்ட்ரியாலிலேயே உண்டு. மொன்ட்ரியால்-நோரிலிருந்து பஸ், மெட்ரோ மாறினால் மெக்கில் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் நிலையம். 1934இல் அதை நிறுவிய வைல்டர் பென்ஃபீல்ட், வலிப்பு நோயாளிகளை விழித்திருக்க வைத்தே மூளை அறுவை செய்தவர். மூளைப் புறணியின் இயக்கப் பகுதியில், முகத்துக்கும் வாய்க்கும் உரிய இடத்தருகே மெல்லிய மின்சாரம் பட்டதும், நோயாளி தன் விருப்பமின்றியே நீண்ட உயிரொலி எழுப்பினார். குரங்கின் மூளையில் அதே பகுதியைத் தூண்டினால் குரல்வளைத் தசை அசையும், குரல் வராது. நமக்குப் புறணியிலிருந்து குரல்வளையை இயக்கும் நரம்பணுக்களுக்கு நேர்வழி இருக்கிறது. மக்காக்குக்கு அது இல்லை.