அடிக் கணக்கும் மீட்டர்க் கணக்கும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் ஏரிகளும் குளங்களும் பாசனத்துக்குப் பெருந்துணை புரிகின்றன. குளத்தின் அளவை நாம் அடியில் கூறுகிறோம். பொறியாளரின் மதிப்பீடோ கன மீட்டரில் அமைகிறது. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் முறை வந்த பின்னும், நம் பேச்சில் அடியும் ஏக்கரும் நீங்கவில்லை. ஆகவே, அலகு மாற்றும் முறையை ஊராட்சி மன்ற அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் அவசியமாகும்.

100 அடி நீளம், 50 அடி அகலம், 4 அடி ஆழத்துக்குத் தூர் எடுப்பதாகக் கொள்வோம். மண்ணின் அளவு 20,000 கன அடி. ஓர் அடி 0.3048 மீட்டர் என்பதால், இதனை 0.3048ஆல் ஒரு முறை மட்டும் பெருக்கினால் 6,096 கன மீட்டர் என வரும். இது பெரும்பிழை. நீளம், அகலம், ஆழம் மூன்றும் மீட்டராக வேண்டுமாதலால், மும்முறை பெருக்குதல் வேண்டும். சரியான விடை ஏறத்தாழ 566 கன மீட்டரே. பிழை பத்து மடங்குக்கும் மேல்! கன மீட்டர் கணக்கில் பணம் வழங்கும்போது, ஊர்ப் பணம் அவ்வளவும் விரயமாகும்.

இதனைத் தவிர்க்கக் கணினி மென்பொருள் உதவும். எக்செல் மென்பொருளில் 'கன்வெர்ட்' என்னும் சூத்திரத்துக்கு, எண்ணுடன் அளந்த அலகையும் வேண்டிய அலகையும் தருதல் வேண்டும். கன அடியை வெறும் மீட்டராக்கச் சொன்னால், அது விடை தராது, பிழைக்குறி காட்டும். எனினும், மீட்டரில் அளந்ததை அடியென்று பதிந்தால், அதனை அது அறியாது. ஆதலால் ஒவ்வோர் எண்ணின் அருகிலும் அலகை எழுதுக. ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 35 கன அடி; 20,000ஐ 35ஆல் வகுத்தால் 571 வரும். இவ்வாறு கையாலும் சரிபார்த்த பின்னரே கையொப்பமிடுக.